உடற்தகைமைச் சோதனை எடுப்பதும் புள்ளி போடுவதும்: கொழும்பில் புதிதாகப் பணி ஏற்கும் உடற்கல்வி ஆசிரியருக்கு

கல்வியியற் கல்லூரியில் டிப்ளோமாவை முடித்து, நியமனக் கடிதத்தோடு கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலைக்கு வந்து சேர்கிறீர்கள். அதிபர் நேரசூசியைக் கையில் தந்து, "தரம் ஆறிலயிருந்து ஒன்பது வரைக்கும் சுகாதாரமும் உடற்கல்வியும் உங்களுக்குத்தான். இல்ல விளையாட்டுப் போட்டியும் கிட்ட வந்திட்டுது" என்கிறார். முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் பழைய புள்ளிப் பதிவேட்டைத் தூசு தட்டிக் காட்டுவார். ஓட்டம், நீளம் பாய்தல், தண்டால் என்று நிரல் நிரலாக இருக்கும். ஓடிய நேரத்துக்கு எதிரே புள்ளி. அதை அப்படியே பின்பற்றுவது சுலபம். நானும் பின்பற்றினேன்.

என் முதலாம் வருடத்தில் தரம் 8 பிள்ளைகள் எல்லாரையும் ஓட வைத்து, நேரத்தைப் புள்ளியாக மாற்றி, பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டினேன். வெள்ளவத்தையிலிருந்து வரும் ஒரு பிள்ளை இடைவேளை நேரம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, கோபிக்கவுமில்லை. "மிஸ், எனக்கு 28. கணக்கில 28 எடுத்தா எந்தப் பாடம் விளங்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். இதில நான் எதைப் படிக்கேல்லை?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எப்படி ஓடுவதென்று அவளுக்கு நான் எதுவுமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நிற்க வைத்து, விசில் ஊதி, அவளுடைய காலின் நீளத்துக்கும் வயதுக்கும் உடல்வாகுக்கும் 28 புள்ளி போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு புள்ளியை எழுதுமுன் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுப் பார்க்கிறேன். கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேடியதில் வந்ததுதான்.

முதலில், எதை அளக்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பாடப்புத்தகம் உடற்தகைமைக் காரணிகளை இரண்டாகப் பிரிக்கிறது. இதயமும் நுரையீரலும் நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பது, தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழும் தன்மை, உடற்கட்டமைப்பு ஆகிய ஐந்தும் சுகாதாரத்தோடு சம்பந்தப்பட்டவை. வேகம், வலு, சுறுசுறுப்பு, சமநிலை, இயைபாக்கம், எதிர்வினை வேகம் ஆகியவை விளையாட்டுத் திறனோடு சம்பந்தப்பட்டவை. வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுவது முதல் ஐந்து. 100 மீற்றர் வேகம் அஞ்சலோட்ட அணிக்கு ஆள் தெரிவுசெய்ய உதவும். அதற்கு ஒரு தனிக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். தெரிவுக் கொப்பியும் வகுப்புக் கொப்பியும் ஒன்றாகிவிட்டால், போட்டிக்குப் போகாத முப்பது பிள்ளைகளும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள்.

இந்தச் சோதனைகள் வந்த கதையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1950களில் அமெரிக்கச் சிறுவர்கள் எளிய தசைச் சோதனையில் ஐரோப்பியச் சிறுவர்களைவிட மிக மோசமாகச் செய்தார்கள் என்ற செய்தி ஜனாதிபதி ஐசனோவர் வரைக்கும் போனது. 1956இல் அவர் இளைஞர் உடற்தகைமைக்கென ஒரு பேரவையை அமைத்தார். 1966இல் ஜனாதிபதி விருது வந்தது: எல்லாச் சோதனைகளிலும் நூற்றுக்கு 85 பேரை முந்தியவருக்கே அது கிடைக்கும். அந்த முறை 2012-13 அளவில் கைவிடப்பட்டு, பிட்னஸ்கிராம் என்ற வேறொரு முறை அதன் இடத்துக்கு வந்தது. அதில் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பீடு கிடையாது. அந்த வயதில் ஆரோக்கியமாக இருக்க எவ்வளவு போதும் என்ற எல்லையை எட்டினாரா என்பது மட்டுமே பார்க்கப்படும். 2025 ஜூலையில் பழைய ஜனாதிபதிச் சோதனையைத் திரும்பக் கொண்டுவர அங்கே உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆக, விவாதம் இன்னும் ஓயவில்லை. என் பக்கம் தெளிவானது. 85 பேரை முந்தினால்தான் பரிசு என்றால், மற்ற 85 பேருக்கும் அந்தப் பாடம் தோல்வியைத்தான் கற்றுக்கொடுக்கும்.

சோதனைக்கு இரண்டு வாரம் முன்: வீட்டுக்கு ஒரு கடிதம்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. 2024 மார்ச்சில் கிழக்கில் ஒரு பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஒரு மாணவன் உயிரிழந்த செய்தியை நாமெல்லோரும் படித்தோம். விசில் ஊதும் ஒவ்வொருவருடைய மனத்திலும் அது இருக்கவேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். கேள்விகளை நேராகக் கேளுங்கள்: பிள்ளைக்கு இழுப்பு உண்டா, இன்ஹேலர் பாவிக்கிறாரா? ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாரா, நெஞ்சு வலி வந்திருக்கிறதா? இதயத்தில் குறை இருப்பதாக வைத்தியர் சொல்லியிருக்கிறாரா? குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? வலிப்பு, நீரிழிவு, தலசீமியா ஏதும் உண்டா? கடைசி ஒரு மாதத்தில் டெங்கு அல்லது வேறு கடும் காய்ச்சல் வந்ததா?

கொழும்பில் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. டெங்கு வந்து எழும்பிய பிள்ளை வகுப்புக்கு வந்துவிட்டான் என்பதற்காக உடம்பு தேறிவிட்டதென்று அர்த்தமில்லை. களைப்பு வாரக்கணக்கில் இருக்கும். அவன் பெயருக்கு எதிரே ஒரு திகதியைக் குறித்து வைத்து, அதுவரை அவனைப் பதிவாளராக நிறுத்துங்கள். ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, குடும்பத்தில் திடீர் மரணம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்தால், வைத்தியர் எழுதித் தரும்வரை அந்தப் பிள்ளை ஓடக்கூடாது. இழுப்பு உள்ள பிள்ளை இன்ஹேலரை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். புத்தகப்பை மூன்றாம் மாடியில் இருக்க, பிள்ளை கீழே முற்றத்தில் மூச்சுக்குத் திணறுவதை ஒருமுறை பார்த்துவிட்டேன். இப்போது எல்லா இன்ஹேலர்களும் பெயர் எழுதிய ஒரு சிறு கூடையில் என் பக்கத்திலேயே இருக்கும்.

சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவினர் பாடசாலைக்கு வந்து மருத்துவப் பரிசோதனை செய்யும் நாளில் நீங்களும் கூட நில்லுங்கள். அவர்கள் எந்தப் பிள்ளையை மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

நாளும் நேரமும் இடமும்

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொழும்பின் வெயில் தலைக்கு நேரே நிற்கும். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் நீண்ட ஓட்டச் சோதனையை முதலாம், இரண்டாம் பாடவேளையில் வையுங்கள். உங்கள் வகுப்புக்கு நேரசூசியில் 11 மணிதான் விழுந்திருந்தால், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கணித ஆசிரியரிடம் பாடவேளையை மாற்றிக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

காலையில் வைப்பதற்கும் ஒரு சிக்கல் உண்டு. வத்தளை, மட்டக்குளி பக்கமிருந்து பாடசாலை வான் வண்டியில் வரும் பிள்ளைகள் விடியமுன்னரே எழும்பிவிடுவார்கள். பலர் வெறும் தேத்தண்ணியோடு வந்து நிற்பார்கள். சோதனைக்கு முதல்நாளே "நாளைக்கு ஒரு பணிஸாவது சாப்பிட்டுவிட்டு வாங்கோ, தண்ணிப் போத்தல் கட்டாயம்" என்று சொல்லிவிடுங்கள். அன்று காலை யார் சாப்பிடவில்லை என்று கேட்பதென்றால் பொதுவில் கேட்கவேண்டாம். சிலருக்குச் சாப்பிடாததற்கான காரணம் வீட்டில் இருக்கும்.

நோன்பு மாதத்தையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்மொழி வகுப்புகளில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்போதைய வருடங்களில் நோன்பு இல்லப் போட்டிக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. நோன்பிருக்கும் பிள்ளையைத் தாங்குதிறன் ஓட்டத்தில் விடாதீர்கள்; பெருநாள் கழிந்து இரண்டு வாரத்துக்குப் பின் தனியாகச் செய்யலாம். கந்தசஷ்டி பிடிக்கும் பிள்ளைக்கும் அதுவே.

இடத்துக்கு வருவோம். கொழும்பில் பல பாடசாலைகளுக்கு மைதானம் என்று சொல்லத்தக்கது இல்லை. நான்கு பக்கமும் மாடிக் கட்டடங்கள், நடுவில் ஒரு சீமெந்து முற்றம். அளவு நாடாவை எடுத்து முதலில் அதை அளந்துவிடுங்கள். இரண்டு கோடுகளுக்கிடையே போய்த் திரும்பித் திரும்பி ஓடும் 20 மீற்றர் சட்டில் ஓட்டத்துக்கு இரண்டு பக்கமும் திரும்புவதற்கு இரண்டிரண்டு மீற்றராவது வேண்டும். அதாவது 24 மீற்றர். இல்லாவிட்டால் 15 மீற்றரில் ஓட விடலாம். சுவரைத் தொட்டுத் திரும்பும்படி எந்தக் காலத்திலும் வைக்காதீர்கள், மணிக்கட்டு முறியும். மழை பெய்த அடுத்த நாள் பாசி பிடித்த சீமெந்தில் ஓட்டமே வேண்டாம். நின்ற நிலையில் நீளம் பாய்தலுக்குச் சீமெந்தின்மேல் ஒரு பழைய கம்பளமோ பாயோ விரித்து, அது நழுவாமல் ஓரங்களை ஒட்டுங்கள்.

உடையைப் பற்றிப் பெண்பிள்ளைகள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். வெள்ளைச் சீருடையோடு நிலத்தில் படுத்து எழும்பச் சொன்னால் பாதிப் பேர் 'முடியாது' என்பதற்குப் பதிலாக 'வயிற்றுவலி' என்பார்கள். ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் கொண்டுவர அனுமதி வாங்குங்கள். முழுக்கை போட விரும்புகிறவர் போடட்டும், தலையை மூட விரும்புகிறவர் மூடட்டும். மாதவிடாய் நாளில் செய்வதா தள்ளிவைப்பதா என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். காரணம் கேட்காமல் தள்ளிவைக்கும் வழக்கம் வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் யாரும் கூசவேண்டியதில்லை. வருடத்தில் யாருமே இரண்டு தடவை காரணம் சொல்லாமல் நாளை மாற்றிக்கொள்ளலாம் என்பது என் வகுப்பின் சட்டம்.

எந்தச் சோதனை, எப்படி

நான் நான்கே சோதனைகள் வைத்திருக்கிறேன். 40 நிமிடப் பாடவேளையில் உடை மாற்றவும் வரிசைப்படவும் பத்து நிமிடம் போய்விடும். ஒரு பாடவேளைக்கு ஒரு சோதனை அல்லது இரண்டு போதும்.

சட்டில் ஓட்டத்தைக் கனடாவில் லூக் லெஜே என்ற ஆய்வாளர் 1980களில் வடிவமைத்தார். 20 மீற்றர் தூரத்தில் 'பீப்' ஒலிக்கு முன் மறுகோட்டை அடையவேண்டும். மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் 0.5 கிலோமீற்றர் கூடும். முதல் நிமிடத்தில் ஒரு நடைக்கு ஏறக்குறைய 8.5 செக்கன், இரண்டாம் நிமிடத்தில் 8 செக்கன். ஒலிப்பதிவை போனில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டால் போதும். ஒன்றை மறக்கவேண்டாம்: 15 மீற்றரில் ஓடும்போது 20 மீற்றருக்கான ஒலியைப் போட்டால் கணக்கே பிழைத்துவிடும். 15 மீற்றருக்கு முதல் நிமிட இடைவெளி 6.35 செக்கன், அதற்கென்று தனி ஒலிப்பதிவு வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு கொடுமையும் உண்டு. முதலில் ஓட்டத்தை நிறுத்தும் பிள்ளை எல்லார் பார்வையிலும் தனியாக நிற்பான். அதைத் தவிர்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். நான்கு நான்கு பேராகக் குழு. இருவர் ஓட, இருவர் எண்ணிப் பதிவார்கள். ஓட்டத்தை நிறுத்தியவர் உட்காராமல் நேரே தன் சோடியிடம் போய், நாடித்துடிப்பை எண்ணத் தொடங்கவேண்டும். எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருப்பதால், முற்றத்தின் ஓரத்தில் வேடிக்கை பார்க்கிறவர் யாருமில்லை. சோடியைப் பெயர்ப்பட்டியல் வரிசையில் போடாமல் பிள்ளைகளையே தெரியவிடுங்கள். தன் 'குறைந்த' எண்ணை யார் எழுதலாம் என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

நாடித்துடிப்பு எண்ணுவது தனிப் பாடம். மணிக்கட்டில், பெருவிரலால் அல்ல, நடு இரு விரல்களால். 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது. ஓடி முடித்தவுடன் ஒன்று, ஒரு நிமிடம் கழித்து ஒன்று, மூன்று நிமிடம் கழித்து ஒன்று. எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் கண் விரிவதை நீங்களே காண்பீர்கள். தன் இதயத்தைத் தானே எண்ணிப் பார்க்கும் அந்த நிமிடம்தான் இந்தப் பாடத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

காலை நீட்டி உட்கார்ந்து, முன்னுக்குக் குனிந்து கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பது உட்கார்ந்து எட்டுதல் சோதனை. அதற்கு ஒரு பெட்டி வேண்டும். பாடசாலை தச்சு வேலைக்காரரே அடித்துத் தருவார். ஆனால் பாதம் படும் இடத்தை எந்த எண்ணாக வைப்பது என்பது ஊருக்கு ஊர் வேறு. ஐரோப்பியப் பெட்டியில் 15 சென்ரிமீற்றர், அமெரிக்கப் பெட்டியில் ஏறக்குறைய 23, கனடாப் பெட்டியில் 26. இணையத்தில் எடுத்த ஏதோவொரு அட்டவணையை உங்கள் பெட்டியோடு ஒப்பிட்டால், நல்ல நெகிழ்வுள்ள பிள்ளையை விறைப்பானவள் என்று எழுதிவிடுவீர்கள். பெட்டியில் பாதத்தின் எண்ணை மையினால் எழுதி வையுங்கள்.

நின்ற நிலையில் நீளம் பாய்தலுக்கு மூன்று முறை கொடுத்து நல்லதை எடுங்கள். கோட்டுக்கு மிக அருகில் பட்ட குதிகாலிலிருந்து அளக்கவேண்டும். வயிற்றுத் தசைக்கு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தை யாரும் அமுக்கிப் பிடிக்காமல், பாதி எழும்பும் முறை போதும்.

எதுவானாலும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே இரண்டு பாடவேளை பழகக் கொடுங்கள். முதல்முறை சட்டில் ஓட்டம் ஓடும் பிள்ளை தொடக்கத்திலேயே பாய்ந்து களைத்துவிடுவான். இரண்டாம் முறை எண் கூடினால் அது தகைமை கூடியதாக ஆகாது, வேகத்தைப் பிடிக்கக் கற்றதுதான். அதைப்போலவே கையில் பிடிக்கும் நிறுத்தற் கடிகாரத்தின் 0.2 செக்கன் வித்தியாசத்தை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கவேண்டாம். அது உங்கள் விரலின் வித்தியாசமாக இருக்கலாம்.

ஓடும்போது யாராவது தலைவலி, குமட்டல் என்றால் உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோங்கள். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். அதிபரின் அனுமதிக்கு ஆளனுப்பிக் காத்திருக்கும் நேரமல்ல அது.

நிறையும் உயரமும்

தராசை வகுப்பு நடுவில் வைக்காதீர்கள். எண்ணை உரத்துச் சொல்லாதீர்கள். மாணவத் தலைவனிடம் பட்டியலைக் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். ஒரு மூலையில் திரைபோட்டு, ஒவ்வொருவராக வந்து தானே பார்த்துத் தன் கொப்பியில் எழுதிப்போகட்டும்.

உடற்றிணிவுச் சுட்டியைக் கணிக்கச் சொல்லிக்கொடுப்பது பாடத்திட்டத்தில் இருக்கிறது, கொடுங்கள். 42 கிலோ நிறையும் 1.5 மீற்றர் உயரமும் என்றால் 42ஐ 2.25ஆல் வகுக்க 18.7 வரும். இதற்குப் பிறகுதான் பிழை நடக்கும். சுவரிலுள்ள வளர்ந்தோருக்கான அட்டவணையில் 18.5க்குக் கீழே 'நிறை குறைவு' என்றிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வளர்ச்சி அளவுகளின்படி 12 வயதுச் சிறுமியின் நடு அளவே 18தான். வளர்ந்தோர் அட்டவணையைப் பிடித்தால் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் 'மெலிந்தவர்கள்' ஆகிவிடுவார்கள். வயதுக்கும் ஆண், பெண் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபையே பாவியுங்கள். அதில் எந்தப் பிள்ளையைப் பற்றியாவது கவலை வந்தால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். சுட்டிக்குப் புள்ளி ஒருபோதும் கிடையாது. எவ்வளவு சாப்பாடு வீட்டில் இருக்கிறது என்பதற்கு நாம் எப்படிப் புள்ளி போடுவது?

இனி, புள்ளி

மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. மூன்றையும் நான் செய்து பார்த்தேன்.

முதலாவது, எண்ணை அப்படியே புள்ளியாக மாற்றுவது. பெண்பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 14 வயதிலும் மிக விரைவாக வளர்கிறார்கள். தரம் 8இல் ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். மற்றவன் இன்னும் சிறுபிள்ளை. பெப்ரவரியில் பிறந்தவளும் அடுத்த ஜனவரியில் பிறந்தவளும் ஒரே வகுப்பில்தான் இருப்பார்கள். இடையில் ஏறக்குறைய ஒரு வருடம். காலெலும்பு உடலை முந்தி நீளும் பருவத்தில் எட்டுதல் சோதனையில் எண் குறையத்தான் செய்யும். வளர்ந்ததற்காகப் புள்ளி வெட்டுவதா?

இரண்டாவது, வகுப்பில் எத்தனையாமிடம் என்று பார்ப்பது. இதில் எல்லாரும் முன்னேறினாலும் யாரோ ஒருவர் கடைசிதான்.

மூன்றாவது முன்னேற்றத்துக்குப் புள்ளி. கேட்க நியாயமாக இருக்கும். நானும் மூன்று வருடம் அதை நம்பினேன். பிறகுதான் கண்டுபிடித்தேன், கெட்டிக்காரப் பிள்ளைகள் ஜனவரியில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறார்கள். ஏற்கெனவே நன்றாக ஓடுபவனுக்கு மேலே போக இடமில்லை. அதற்கும் மேலாக, பயிற்சிக்கு எல்லா உடம்பும் ஒரேமாதிரிப் பதில் சொல்வதில்லை. 1990களில் வட அமெரிக்காவில் நடந்த ஹெரிட்டேஜ் ஆய்வில் நூற்றுக்கணக்கான பெரியவர்கள் ஒரே 20 வாரப் பயிற்சியைச் செய்தார்கள். சிலருடைய தாங்குதிறன் மிகவும் கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிவரை குடும்ப வழி வந்ததென்று கணித்தார்கள். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் எண் கூடாத பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஆகவே சோதனையில் எடுத்த எண்ணுக்குப் புள்ளி போடுவதை விட்டுவிட்டேன். அமெரிக்காவின் உடற்கல்வி ஆசிரியர் சங்கமான ஷேப் அமெரிக்காவும் இதையே சொல்கிறது. எண் பிள்ளைக்குச் சொந்தம். புள்ளி நான் கற்றுக்கொடுத்ததற்கு. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு நான் பாவிக்கும் 100 புள்ளிப் பிரிவு இது, உங்கள் பாடசாலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: செய்முறை நுட்பத்துக்கு 35, தன் பதிவுக்கும் திட்டத்துக்கும் 30, ஆயத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் சோடிக்கு உதவியதற்கும் 20, அறிவுக்கு 15.

நுட்பம் என்றால் பார்த்து 'ஆம், இல்லை' சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். நீளம் பாய்தலில் நான் பார்ப்பவை: கையைப் பின்னுக்கு வீசுகிறாளா, பாயுமுன் முழங்காலை மடிக்கிறாளா, இரண்டு காலும் ஒன்றாக எழும்புகிறதா, முழங்காலை வளைத்து மெதுவாக நிலம் தொடுகிறாளா. இந்த நான்கையும் சரியாகச் செய்து 1.1 மீற்றர் பாய்ந்தவளுக்கு முழுப் புள்ளி. அப்படியே காலை நீட்டி விழுந்து 1.9 மீற்றர் பாய்ந்தவனுக்குப் பாதி. யாராவது 'நான் எதைப் படிக்கேல்லை' என்று வந்து கேட்டால், "நிலம் தொடும்போது முழங்காலை வளைக்கப் பழகு, வியாழக்கிழமை திரும்பச் செய்து காட்டு" என்று சொல்ல எனக்கு இப்போது முடிகிறது.

திட்டம் என்பது நான்கு வாரத்துக்கு. தன் எண்களைப் பார்த்து ஒரு காரணியைத் தெரிவுசெய்து, தன் வீட்டில், தன் நேரத்தில் செய்யக்கூடியதை எழுதவேண்டும். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரி நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாடசாலை விட்டு, டியூஷன் முடிந்து, இருட்டியபின் மாடிவீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கே? இதைத்தான் எழுத வைக்கவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு பையன் எழுதினான்: ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட் எடுக்காமல் நாளுக்கு மூன்று தடவை ஏறுவது, மேலே போனதும் நாடித்துடிப்பை எண்ணுவது. வேறொருத்தி அம்மாவோடு மரைன் டிரைவில் ஞாயிறு பின்னேரம் நடப்பதை எழுதினாள். முதல் வாரம் அம்மாவுக்கு முடியவில்லை, தெஹிவளைப் பக்கம் போகாமல் பம்பலப்பிட்டியோடு திரும்பியதாகவும் எழுதியிருந்தாள். திட்டம் குழம்பிய வாரத்தையும் உள்ளபடி எழுதியதற்கு முழுப் புள்ளி போட்டேன். அலங்காரமாக, ஒரு நாளும் தவறாமல், ஒரே மையில் ஒரே இரவில் எழுதிய கொப்பி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குச் சீக்கிரமே பிடிபடும்.

வைத்தியக் கடிதம் உள்ள பிள்ளைக்குப் பூச்சியம் கிடையாது, அப்படியே விட்டுவிடுவதும் கிடையாது. நேரம் எடுத்தல், நாடித்துடிப்புப் பதிதல், நண்பனின் நுட்பத்தைப் பார்த்துத் திருத்துதல் எல்லாமே பாடம்தான்; புள்ளியை அவற்றுக்குப் பிரித்துக் கொடுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கும் ஏற்ற சோதனைகள் புரொக்போட் என்ற தொகுப்பில் 1999 முதல் உண்டு. அதைப் பார்த்து ஒன்றிரண்டை உங்கள் முற்றத்துக்கேற்ப மாற்றலாம்.

கேள்வி கேட்பவர்களுக்கு

முதல் தவணை அறிக்கை போனதும் ஒரு தகப்பன் நிச்சயம் வருவார். என்னிடம் வந்தவர், "மிஸ், மகன் வலய மட்டத்தில 100 மீற்றர் ஓடினவன். அவனுக்கு 68, ஓடவே மாட்டாத பிள்ளைக்கு 81. இதென்ன நியாயம்?" என்றார். குரலில் கோபம் இருந்தாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. மகனின் கொப்பியைத் திறந்து காட்டினேன். திட்டப் பக்கம் வெறுமை, சோடியின் நாடித்துடிப்பை எண்ணாமல் ஊகித்து எழுதியது, உடலைத் தளர்த்தும் பயிற்சியை ஒருநாளும் செய்யாதது. "அண்ணா, அவர்ட வேகத்துக்கு வலயம் சான்றிதழ் தந்திட்டுது. தொடைத் தசை இழுபடாம ஓடுறது எப்பிடியெண்டு இன்னும் படிக்கேல்லை. அதுக்குத்தான் இந்தப் புள்ளி" என்றேன். அவர் கொப்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பகுதித்தலைவர் வேறுவிதமாகக் கேட்பார்: "ஓடின நேரம் எங்கே? மேற்பார்வைக்கு வந்தால் எதைக் காட்டுவது?" அவருக்கு நுட்பப் பட்டியலையும் நான்கு கொப்பிகளையும் எடுத்துக் காட்டுங்கள். எழுத்தில் ஆதாரம் இருந்தால் மேற்பார்வைக்குப் பயமில்லை. புள்ளி போடும் முறையைத் தவணை தொடங்கும் முதல் வாரத்திலேயே வகுப்பில் ஒட்டிவிடுவதும் உதவும். சுவரில் ஒட்டத்தக்கது அந்த ஒன்றுதான்.

அறிக்கைக் குறிப்பில் 'முயற்சி போதாது' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். முயற்சி உங்கள் கண்ணுக்குத் தெரியாது. "பாய்ந்து நிலம் தொடும் முறை நன்று. நாடித்துடிப்பைச் சரியாக எண்ணுகிறார். அடுத்த தவணையில் ஒரே வேகத்தில் ஓடப் பழகவேண்டும்" என்பது மூன்று வரிதான்.

வருடக் கடைசியில் தகைமைக் கொப்பிகளைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். நிறை எழுதிய தாள் ஏதாவது உங்கள் மேசையில் மிஞ்சியிருந்தால் கிழித்துப் போடுங்கள். அடுத்த வருடம் அந்த வகுப்பை எடுக்கப்போகும் ஆசிரியரிடம் மூன்றை மட்டும் கையளியுங்கள்: இன்ஹேலர் உள்ளவர்களின் பெயர்கள், வைத்தியர் தடுத்தவர்களின் பெயர்கள், முற்றத்தின் நீளம்.